கேட்டுக்கொண்டே இருக்கும் கணினி

கோலார் தங்கவயலின் (கே.ஜி.எஃப்.) ராபர்ட்சன்பேட்டையில் யாருக்கும் சயனைடு மேடு என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேல் பூமிக்கடியில் வெட்டி, அரைத்து, தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய மண் ஊரைச் சுற்றி மலை மலையாக நிற்கிறது. காற்று எழும் நாட்களில் அதன் தூசி வீட்டுக்குள் வந்து பாத்திரத்தில் படிகிறது. சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அந்த மண்ணில் இன்னும் மிச்சமிருக்கும் தங்கத்தை என்ன செய்வது என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் நிலத்தில் சுமார் 1,003 ஏக்கரில் பரவியிருக்கும் 13 மேடுகளை ஏலம் விடுவதற்கு மத்திய அரசு கேட்ட சம்மதத்தைக் கொடுத்தது.

அடுத்த செய்தி எப்போது வரும்? நாளைக்கே வரலாம், ஆறு மாதம் கழித்தும் வரலாம். மத்திய அரசின் பத்திரிகைக் குறிப்பு ஒன்றில் நாலு வரியாக வரலாம். கன்னட நாளிதழின் கோலார் பக்கத்திலோ தமிழ் நாளிதழின் பெங்களூரு பதிப்பிலோ ஒரு மூலையில் வரலாம். அந்த மண்ணுக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவருக்கு அதைவிட முக்கியமான செய்தி இருக்க முடியாது. ஆனால் அது வரும் நாளில் அவருடைய கைபேசி அதைக் காட்டும் என்று நம்ப முடியாது. கே.ஜி.எஃப். என்று தேடினால் 2018-இலும் 2022-இலும் வந்த சினிமாதான் திரை முழுக்க நிற்கும். ஒரு நாளைக்கு இருநூறு செய்தி போடும் இடமெல்லாம் நம்மைத் தேடி வருகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாய் திறக்கும் இடம் ஏன் வருவதில்லை?

கைபேசியில் எது மேலே வர வேண்டும் என்பதை எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் கணினி தீர்மானிக்கிறது. பலர் தொட்டுப் பார்ப்பது மேலே ஏறும், சிலருக்கு மட்டும் வேண்டியது கீழே போகும். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, மாரிக்குப்பம் எல்லாம் சேர்ந்தாலும் அந்தக் கணக்கில் சிறு கூட்டம்தான். அதனால் அரிதாகப் பேசும் இடங்களைப் பின்தொடர வேறொரு ஏற்பாடு தேவை. அந்த ஏற்பாடு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே உருவாகிவிட்டது. தமிழ் இணையத்தார் அதற்கு ஓடை என்றும், பல ஓடைகளை ஓரிடத்தில் சேர்ப்பதற்குத் திரட்டி என்றும் பெயர் வைத்தார்கள். அந்தத் திரட்டியை நம் வீட்டிலேயே, ஒரு லினக்ஸ் கணினியில் நிறுவிக்கொள்ள முடியும். அது எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொண்டால் நிறுவும் வேலையும் எளிதாகும்.

ஓடை என்பது ஒரு கோப்பு. ஒரு செய்தித் தளமோ வலைப்பதிவோ மனிதர்கள் பார்ப்பதற்காக வண்ணமும் படமும் விளம்பரமும் கொண்ட பக்கங்களை வைத்திருக்கிறது. அதன் பக்கத்திலேயே இயந்திரங்கள் படிப்பதற்காக ஒரு பட்டியலையும் வைத்திருக்கும். கடைசியாக வெளியான சில பதிவுகள், ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, முகவரி, தேதி, சுருக்கம், ஓர் அடையாள எண். அவ்வளவுதான் அந்தப் பட்டியல். 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் ராமநாதன் குஹாவும் டான் லிபியும் இதற்கு முதல் வடிவம் கொடுத்தார்கள். அதுதான் ஆர்எஸ்எஸ். குஹா சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் படித்தவர். 2005 டிசம்பரில் ஆட்டம் என்ற இன்னொரு வடிவம் இணையத்தின் பொதுத் தரமாக வெளியானது. இன்றைக்கு எந்தத் திரட்டியும் இரண்டையும் படிக்கும்.

இதில் முதலில் பிடிபட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. புதுச் செய்தி வந்ததும் அந்தத் தளம் நமக்குச் சொல்வதில்லை. நாம் யார் என்றே அதற்குத் தெரியாது. திரட்டிதான் போய்க் கேட்கிறது. ரேஷன் கடைக்குச் சர்க்கரை வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள நாம்தானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம், அப்படி. கடை வாசலில் ‘சரக்கு வந்த தேதி’ என்று ஒரு பலகை மாட்டியிருந்தால் வேலை இன்னும் சுலபம். போன தடவை பார்த்த தேதியே இன்னும் எழுதியிருந்தால் வரிசையில் நிற்காமல் திரும்பிவிடலாம். தேதி மாறியிருந்தால் மட்டும் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போகலாம். திரட்டியின் முழு நுட்பமும் இந்தப் பலகையில் அடங்கியிருக்கிறது. அந்தப் பலகையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தமிழுக்கு இந்தத் தொழில்நுட்பம் தாமதமாக வரவில்லை. 2004-இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கினார். பலரும் தனித்தனி எழுத்துருக் குறியீடுகளை விட்டு ஒருங்குறிக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. எங்கெங்கோ சிதறிக் கிடந்த தமிழ் வலைப்பதிவுகளின் ஓடைகளைத் தமிழ்மணம் கேட்டுக் கேட்டுத் திரட்டி ஒரே பக்கத்தில் வைத்தது. டொராண்டோவிலும் துபாயிலும் மதுரையிலும் எழுதியவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டது அங்கேதான். அடுத்த ஆண்டு, 2005 அக்டோபரில், கூகுள் ரீடர் வந்தது. அது தனிப்பட்ட திரட்டி. அவரவர் தமக்கு வேண்டிய ஓடைகளை அவரவரே சேர்த்துக்கொள்ளலாம். 2013 ஜூலை 1 அன்று கூகுள் அதை மூடியது. அறிவித்ததற்கும் மூடியதற்கும் இடையே நான்கு மாதம்கூட இல்லை. பட்டியலைத் தரவிறக்கிக்கொள்ளாதவர்கள் ஆண்டுக்கணக்காகச் சேர்த்த பட்டியலை இழந்தார்கள். கேட்கும் வேலையை அடுத்தவர் கணினி செய்துகொண்டிருந்தால், அவர் நிறுத்தும் நாளில் அது நின்றுவிடும். சொந்தக் கணினியில் திரட்டியை வைத்துக்கொள்ள இதைவிட வேறு காரணம் எனக்குத் தேவைப்படவில்லை.

அந்தக் கணினி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. வழங்கி, அதாவது சர்வர், என்றதும் குளிரூட்டிய அறையில் நிற்கும் அலமாரிகள் நினைவுக்கு வரும். கேட்டால் கொடுக்கும் எந்தக் கணினியும் வழங்கிதான். பிள்ளைகள் படித்து முடித்ததும் அலமாரிக்குள் போன பழைய மடிக்கணினி போதும், ராஸ்பெர்ரி பை போன்ற சிறு பலகைக் கணினியும் போதும். மடிக்கணினியில் ஒரு வசதி உண்டு: மின்சாரம் போனாலும் மின்கலம் சிறிது நேரம் தாங்கும். சிவசமுத்திரத்துக் காவிரியில் எடுத்த மின்சாரம் 140 கிலோமீட்டருக்கு மேல் கம்பியில் ஓடி, 1902-இலேயே, பெங்களூருக்கும் முன்னால் வந்து சேர்ந்த ஊர் தங்கவயல். அந்த ஊரில் இன்று மின்தடைக்கு மாற்று ஏற்பாடு யோசிக்க வேண்டியிருக்கிறது. திரையை மூடிவைத்த பழைய மடிக்கணினி 15 வாட் எடுப்பதாக வைத்துக்கொண்டால் மாதம் முழுக்க ஓடினாலும் 11 யூனிட்தான் ஆகும்.

வீட்டில் வைப்பதா, மாத வாடகைக்கு ஒரு வழங்கியைத் தரவு மையத்தில் எடுப்பதா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். வீட்டு இணைப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. இணைய முகவரிகள் பற்றாக்குறையாக இருப்பதால் பல சேவை நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. உள்ளேயிருந்து வெளியே போகும் கேள்விக்குப் பதில் சரியாக வந்து சேரும். வெளியிலிருந்து யாராவது நம் வீட்டுக் கணினியைத் தேடி வந்தால் எந்த வீடு என்று தெரியாமல் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். ஒரு வலைத்தளம் நடத்த நினைப்பவருக்கு இது பெரிய தடை. திரட்டிக்கு இது தடையே அல்ல, ஏனென்றால் திரட்டி வெளியே போய்க் கேட்கிறதே தவிர, அதைத் தேடி யாரும் வர வேண்டியதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, முதன்முதலாக வழங்கி அமைப்பவருக்குத் திரட்டியைவிட நல்ல பயிற்சி கிடையாது என்று சொல்வேன். உலகத்துக்குக் கதவைத் திறக்காமலே முழுப் பயனும் கிடைக்கிறது.

மென்பொருளில் மூன்று பெயர்கள் அடிக்கடி காதில் விழும்: டைனி டைனி ஆர்எஸ்எஸ், மினிஃப்ளக்ஸ், ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ். மூன்றும் கட்டற்ற மென்பொருள்கள். முதல் இரண்டுக்கும் போஸ்ட்கிரெஸ் என்ற பெரிய தரவுத்தளம் வேண்டும். ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் அதோடும் ஓடும், எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தோடும் ஓடும். எஸ்கியூலைட்டுக்குத் தனியாக நிர்வாகி தேவையில்லை. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளும். நம் கைபேசிகளுக்குள்ளும் இதுதான் இருக்கிறது. பழைய மடிக்கணினிக்கு ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் பொருத்தம்.

முதலில் மடிக்கணினியில் டெபியன் லினக்ஸை வரைகலைத் திரை இல்லாமல் நிறுவிக்கொள்கிறோம். பிறகு வலை வழங்கி மென்பொருளான அப்பாச்சி, அதன் மேல் பிஎச்பி என்ற நிரல்மொழி, அந்த மொழிக்கான சில துணைப் பொதிகள். இந்தத் துணைப் பொதிகளை அப்படியே பார்த்துத் தட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஒவ்வொன்றும் எதற்கு என்று பார்த்தால் திரட்டியின் உடற்கூறு புரிந்துவிடும். கர்ல் என்பது வெளியே போய்க் கோப்பை வாங்கி வரும் கால். எக்ஸ்எம்எல் பொதி, வாங்கி வந்த கோப்பில் தலைப்பு எது, தேதி எது என்று பிரித்துப் படிக்கும் கண். எஸ்கியூலைட் பொதி நினைவாற்றல். எம்பிஸ்ட்ரிங் என்று ஒன்று இருக்கிறது. ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்ற ஆங்கிலக் கணக்கு பொருந்தாத தமிழ், கன்னடம் போன்ற மொழிகளின் எழுத்துகளைச் சரியாக எண்ணவும் வெட்டவும் அது வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு அதை விட்டுவிட வழியே இல்லை.

அடுத்து ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் பொதியை இறக்கி ஒரு கோப்புறையில் விரிக்கிறோம். அதற்குள் பல உட்கோப்புறைகள் இருக்கும். பி என்ற ஒன்றை மட்டுமே உலாவிக்குத் தெரியும்படி அப்பாச்சியிடம் சொல்ல வேண்டும். டேட்டா என்ற கோப்புறையில்தான் நம் பயனர் கணக்கு, கடவுச்சொல்லின் மறைவடிவம், தரவுத்தளம் எல்லாம் கிடக்கின்றன. அது வெளியே தெரியவே கூடாது. ஆனால் நிரல் அதில் எழுத வேண்டும். அதனால் அப்பாச்சி எந்தப் பயனர் பெயரில் இயங்குகிறதோ அந்தப் பயனருக்கு டேட்டா கோப்புறையில் மட்டும் எழுதும் உரிமை தருகிறோம். லினக்ஸில் வேலை செய்பவர்கள் இந்தச் சிக்கனத்தைப் பெரிதும் மதிப்பார்கள்: யாருக்கும் தன் வேலைக்கு வேண்டிய அதிகாரத்துக்கு மேல் ஒரு பிடிகூடக் கிடையாது. இவ்வளவும் முடிந்தால், வீட்டு வைஃபையில் உள்ள எந்தக் கருவியின் உலாவியிலிருந்தும் அந்த முகவரிக்குப் போகலாம். நிறுவும் பக்கம் திறந்து, துணைப் பொதிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று தானே சரிபார்க்கும். தரவுத்தளம் எது, பயனர் பெயர் என்ன என்று கேட்டு முடித்துக்கொள்ளும்.

இப்போது திரட்டி இருக்கிறது, ஆனால் அது தூங்குகிறது. பிஎச்பி நிரல் யாராவது அழைத்தால்தான் எழும், வேலை முடிந்ததும் மறுபடி படுத்துவிடும். இரவு மூன்று மணிக்கு அதை யார் எழுப்புவது? லினக்ஸில் கிரான் என்று ஒரு காவலாளி இருக்கிறான். இன்ன நிமிடத்தில் இன்ன நிரலை ஓட்டு என்று ஒரு வரி எழுதிவைத்தால் தவறாமல் ஓட்டுவான். மணிக்கு ஒருமுறை போதும். பூஜ்ஜியமாவது நிமிடத்தைத் தவிர்த்துப் பதினேழு, நாற்பத்தொன்று என்று ஏதோ ஒரு நிமிடத்தைக் கொடுப்பது நல்ல பழக்கம். உலகத்துத் திரட்டிகள் எல்லாம் மணி அடித்ததும் ஒரே நொடியில் ஒரு சிறு வலைப்பதிவின் கதவைத் தட்டினால் அது தாங்காது.

இனி பலகைக்கு வரலாம். அறுபது ஓடைகளைச் சேர்த்திருக்கிறோம், ஒவ்வொரு கோப்பும் 100 கிலோபைட் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ஒருமுறை முழுக் கோப்பையும் வாங்கினால் நாளுக்கு 144 மெகாபைட், மாதத்துக்கு நாலு ஜிகாபைட்டுக்கு மேல். அதில் பெரும்பகுதி ஏற்கெனவே வாங்கிய அதே கோப்பு. சயனைடு மேடு பற்றி ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுதும் தளத்திடம் இடைப்பட்ட நாலாயிரத்துச் சொச்சம் தடவையும் ஒரே கோப்பை வாங்கி வருவது நமக்கும் வீண், அவர்களுக்கும் தொல்லை.

அதனால் இணையத்தில் ஒரு மரியாதை வகுத்திருக்கிறார்கள். முதல் தடவை கோப்பைக் கொடுக்கும்போதே வழங்கி அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டிக் கொடுக்கும். அந்தச் சீட்டுக்கு ஈடேக் என்று பெயர். அந்தக் கோப்பின் இந்த வடிவத்துக்கு மட்டுமே உரிய சில எழுத்துகள் அதில் இருக்கும். கூடவே, கோப்பு கடைசியாக மாறிய நேரமும் இருக்கும். திரட்டி இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த தடவை போகும்போது, என்னிடம் இந்தச் சீட்டு இருக்கிறது, மாறியிருந்தால் மட்டும் கொடுங்கள் என்று கேட்கிறது. மாறவில்லை என்றால் வழங்கி 304 என்ற எண்ணை மட்டும் சொல்லி அனுப்பிவிடும். கோப்பு வராது. மாறியிருந்தால் 200 என்ற எண்ணும் அதன் பின்னால் முழுக் கோப்பும் வரும். ஒரு 304 பதிலுக்குச் சில நூறு பைட்டுகள் போதும். எந்த ஓடையும் மாறாத நாளில், 144 மெகாபைட் ஆகியிருக்க வேண்டியது ஒரு மெகாபைட்டுக்கும் கீழே இறங்கிவிடும்.

இது உண்மையாகவே நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டில் உள்ள வழங்கியிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு சிறு உரைக்கோப்பை எழுதி அப்பாச்சியின் கோப்புறையில் வைத்துவிட்டு, கர்ல் கட்டளையைக் கொண்டு அதைக் கேளுங்கள். பதிலின் தலைப்பகுதியில் ஈடேக் சீட்டு கண்ணுக்குத் தெரியும். அந்தச் சீட்டைச் சேமித்து, அதையே காட்டி மறுபடி கேட்கவும் கர்லில் வசதி உண்டு. கேளுங்கள், 304 வரும். இப்போது கோப்பைத் திறந்து ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்துச் சேமித்துவிட்டு மூன்றாம் தடவை கேளுங்கள். 200 வரும், புதிய சீட்டும் வரும். அப்பாச்சி தன் குறிப்பேட்டில், அதாவது லாக் கோப்பில், மூன்று வருகையையும் நேரத்தோடு எழுதி வைத்திருக்கும். ஒவ்வொரு வரியிலும் எத்தனை பைட் அனுப்பினேன் என்ற கணக்கும் இருக்கும். கோப்பு போகாததால் 304 என்ற வரியில் அந்த எண் சிறிதாக இருக்கும், பதிலின் தலைப்பகுதிக்கு மட்டும். சொன்னதை நம்பிவிட்டுப் போக வேண்டிய அவசியமில்லை. இரண்டு பக்கத்துக்குமான சாட்சி ஒரே கணினியில் கிடைக்கிறது.

தேதி மாறியது தெரிந்து உள்ளே போன பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. கோப்பில் இருபது பதிவுகள் இருக்கின்றன, அதில் எது புதிது? தலைப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. ‘கோலார் மாவட்டச் செய்திகள்’ என்று தினமும் ஒரே தலைப்பு வரலாம். தேதியையும் நம்ப முடியாது. பழைய பதிவைத் திருத்தினால் தேதி மாறும். அதற்காகத்தான் ஒவ்வொரு பதிவுக்கும் அடையாள எண் இருக்கிறது. திரட்டி தன் தரவுத்தளத்தில் இதுவரை பார்த்த எண்களை எல்லாம் வைத்திருக்கிறது. இல்லாத எண் வந்தால் புதுப் பதிவு. இருக்கும் எண்ணோடு மாறிய உரை வந்தால் திருத்தம். சில நேரம் ஒரு தளத்தின் பழைய செய்திகள் எல்லாம் திடீரென்று புதுச் செய்திகளாகக் கொட்டுவதைத் திரட்டி வைத்திருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். அந்தத் தளம் வேறு மென்பொருளுக்கு மாறி, எண்களை எல்லாம் புதிதாகக் கொடுத்திருக்கிறது என்று அர்த்தம்.

என்னென்ன ஓடைகளைச் சேர்ப்பது? மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ஓடை தருகிறது. பிபிசி தமிழ் தருகிறது. பிளாகர், வேர்டுபிரஸ் ஆகியவற்றில் எழுதப்படும் பதிவுகளுக்குத் தானாகவே ஓடை உருவாகிவிடும். எழுதுகிறவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். யூடியூப் அலைவரிசைகளுக்கும் உண்டு. விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரையின் திருத்த வரலாற்றுக்கும் ஓர் ஓடை இருக்கிறது. ஊரைப் பற்றிய தமிழ்க் கட்டுரையில் யாராவது ஒரு வரி மாற்றினால்கூட மறுநாள் காலையில் தெரிந்துவிடும். ஓடையே தராத அரசுத் தளங்கள்தான் அதிகம் என்பது வருத்தம். அவற்றின் பக்க அமைப்பைப் பார்த்து, செய்தித் தலைப்பு இந்த இடத்தில் இருக்கும் என்று அடையாளம் சொல்லிவிட்டால் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் தானே அங்கிருந்து ஓடை போல உருவாக்கிக்கொள்ளும். பக்க அமைப்பு மாறினால் அது உடைந்துவிடும், மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சேர்த்த பிறகு வடிகட்ட வேண்டும். பெரிய நாளிதழின் ஓடையில் நமக்கு வேண்டியது நூற்றில் ஒன்றுதான் இருக்கும். ‘தங்கவயல்’ அல்லது ‘கோலார்’ என்ற சொல் வருவதைக் காட்டு, கே.ஜி.எஃப். சினிமாவின் நாயகன் ‘யஷ்’ பெயர் வருவதை விலக்கு என்று ஒரு தேடலை எழுதிச் சேமித்து வைக்கலாம். ஊர் நினைவில் இருக்கும் ஒரு பழைய ஆராய்ச்சி இங்கே பொருந்தும். 1965-இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தன. தரைமட்டத்தில் காஸ்மிக் கதிர்களின் இரைச்சலில் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. மேலே இருந்த பாறை இரைச்சலை நிறுத்தியதால்தான் எப்போதாவது வரும் ஒரு துகள் தெரிந்தது. அரிதானதைப் பிடிக்க இரைச்சலை வெளியே நிறுத்தியாக வேண்டும். வடிகட்டிகளும் அந்த வேலைக்குத்தான்.

தமிழில் வடிகட்டும்போது ஒரு நுட்பமான சிக்கல் வருகிறது. ‘கோலார்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஒருங்குறியில் ‘கோ’ என்பதற்கு ககரத்துக்குப் பின் ஓகாரக் குறி ஒன்று எழுதலாம். அல்லது இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக அடுத்தடுத்து எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றேபோல் தெரியும், எந்தக் கண்ணாலும் வேறுபாடு காண முடியாது. கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். ஒருவகையில் எழுதித் தேடினால் இன்னொரு வகையில் எழுதிய செய்தி கிடைக்காமல் போகலாம். எஸ்கியூலைட் தானாக இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பார்ப்பதில்லை.

கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? எண்ணிப் பார்த்தால் தெரியும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். முதல் வகையில் ‘கோலார்’ என்பது ககரம், ஓகாரக் குறி, லகரம், கால், ரகரம், புள்ளி என்று ஆறு குறிகள், ஆக 18 பைட். இரண்டாம் வகையில் ஏழு குறிகள், 21 பைட். லினக்ஸில் பைட்டுகளை எண்ணிச் சொல்ல டபிள்யூசி என்று ஒரு சிறு கட்டளை இருக்கிறது. செய்தியிலிருந்து அந்தச் சொல்லை மட்டும் எடுத்து, வரிமுடிவு சேராமல் அதற்குக் கொடுத்தால் 18 என்றோ 21 என்றோ சொல்லிவிடும். ஒருங்குறித் தரம் இவ்விரண்டும் ஒன்றே என்று அறிவித்து, ஒன்றை மற்றொன்றாக மாற்றும் முறையையும் வகுத்திருக்கிறது. மாற்றாமல் வெளியிடும் இடங்கள் இருக்கும் வரை, நம் தேடலில் இரண்டு வடிவத்தையும் ‘அல்லது’ போட்டு எழுதிவைப்பதுதான் வழி. ‘கேஜிஎஃப்’, ‘கே.ஜி.எஃப்.’, ‘கேஜிஎப்’ என்று பத்திரிகைக்குப் பத்திரிகை மாறும் எழுத்துமுறைகளையும் அதே தேடலில் சேர்த்துவிட வேண்டும். கன்னட எழுத்தில் ஊர்ப் பெயரை ஒருமுறை ஒட்டிவிட்டால், கன்னட ஓடைகளும் அதே வலைக்குள் வந்துவிடும்.

படிப்பது எங்கே? தங்கவயலில் பலருக்கு ரயிலில்தான் நேரம் கிடைக்கிறது. மாரிக்குப்பத்தில் ஏறி, சாம்பியன், உரிகம், கோரமண்டல், பெமல் நகர் கடந்து, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் வாழ்க்கை சுரங்கம் மூடியதிலிருந்து இந்த ஊருடையது. வீட்டுத் திரட்டியை வெளியிலிருந்து தொட முடியாது என்று முன்பே பார்த்தோம். தொட வேண்டியதும் இல்லை. கைபேசியில் ஒரு வாசிப்புச் செயலியை வைத்து, வீட்டு வைஃபையில் இருக்கும்போதே திரட்டியோடு ஒத்திசைத்துவிட்டால் செய்திகள் கைபேசிக்குள் இறங்கிவிடும். வழியில் சிக்னல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் படிக்கலாம். படித்தது எது, படிக்காதது எது என்ற கணக்கை மாலையில் வீடு திரும்பியதும் செயலி திரட்டியிடம் ஒப்படைத்துவிடும்.

கைபேசிச் செயலியும் வீட்டுத் திரட்டியும் எந்த மொழியில் பேசிக்கொள்கின்றன என்று பார்த்தால் வியப்பு காத்திருக்கிறது. கூகுள் ரீடர் தன் காலத்தில் செயலிகளோடு பேச ஒரு நெறிமுறை வைத்திருந்தது. சேவை 2013-இல் மூடியது. ஆனால் ஏராளமான செயலிகள் அந்த நெறிமுறையைக் கற்றிருந்ததால், ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் பின்னாளில் அதையே பேசக் கற்றுக்கொண்டது. இன்றைக்கும் அமைப்புப் பக்கத்தில் செயலி இணைப்பை இயக்கப் போனால் கூகுள் ரீடர் என்ற பெயரைப் பார்க்கலாம்.

கடைசியாக இரண்டு கோப்புகளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஒன்று டேட்டா கோப்புறையின் நகல். அதை மாதம் ஒருமுறை வெளிச் சேமிப்பில் எடுத்து வைத்தால், மடிக்கணினி பழுதானாலும் வேறொரு கணினியில் அப்படியே எழுப்பிவிடலாம். இன்னொன்று ஓபிஎம்எல் கோப்பு. நாம் பின்தொடரும் ஓடைகளின் முகவரிப் பட்டியல் அது. எந்தத் திரட்டியும் அதை ஏற்கும். சில கிலோபைட்டுகள்தான் இருக்கும். ஊர்ச் செய்தி எங்கெங்கே வருகிறது என்று தேடித் தேடிச் சேர்த்த அந்தப் பட்டியலை ஆண்டர்சன்பேட்டையில் இருக்கும் நண்பருக்கோ, பெங்களூரில் குடியேறிவிட்ட உறவினருக்கோ ஒரு மின்னஞ்சலில் அனுப்பலாம். அவர்களுடைய கணினியும் அன்றிலிருந்தே கேட்கத் தொடங்கிவிடும்.